சருகுக் கூடையும் புல்வெளி ஓரமும்

உண்ணிக் கடிக்குத் தப்புவது எப்படி என்று கேட்டால் எந்த நாட்டுச் சுகாதாரத் துறையும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் ஒப்பிக்கும். வெளிர்நிற முழுக்கால் சட்டை போடுங்கள், அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகுங்கள், பூச்சிவிரட்டி பூசுங்கள், வீடு திரும்பியதும் குளித்து உடம்பு முழுக்கச் சோதித்துப் பாருங்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் லைம் நோயோடு நடந்துவரும் நீண்ட மல்லுக்கட்டில் இந்தப் பதில் நன்றாக மெருகேறியிருக்கிறது. அதையே கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் கொண்டுபோய்ச் சொன்னால் எவ்வளவு தேறும்? அங்கே உண்ணி கொண்டுவருவது கியாசனூர் காட்டு நோய். ஊரார் அதை ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய் என்பார்கள். இரண்டு இடங்களிலும் எதிரி ஒரே மாதிரியான சின்னஞ்சிறு பூச்சிதான். ஆனால் மனிதர் காட்டுக்குள் எதற்காகப் போகிறார், கடித்த பிறகு அவருக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் மாறியவுடன் தடுப்பு முறையின் முகமே மாறிவிடுகிறது.

முதலில் இரண்டும் வெளிச்சத்துக்கு வந்த விதம். 1957இல் சொரபா வட்டத்தின் கியாசனூர் காட்டில் மந்திகள் வரிசையாகச் செத்து விழுந்தன. சுற்றுவட்டாரத்தில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல். குரங்கு சாகிறது என்றதும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற பயம்தான் முதலில் எழுந்தது. புணேயில் இருந்த வைரஸ் ஆய்வு மையத்தார் வந்து பார்த்து, இது உண்ணி பரப்பும் வேறொரு புதிய வைரஸ் என்று கண்டார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கதை மெதுவாக நகர்ந்தது. லைம் என்ற சிற்றூரிலும் பக்கத்து ஊர்களிலும் பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. 1975இல் இரண்டு தாய்மார்கள் விடாப்பிடியாகப் புகார் செய்த பிறகே யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் குழு கவனித்தது. கிருமியை வில்லி பர்க்டோர்ஃபர் 1981இல்தான் உண்ணியின் குடலில் கண்டார். அது வைரஸ் அல்ல, சுருள் வடிவப் பாக்டீரியா. ஓரிடத்தில் செத்த குரங்கு மணியடித்தது, மற்ற இடத்தில் பெற்ற தாய் அடித்தாள். தாய் அடித்த மணியை நம்ப மருத்துவ உலகம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காட்டின் கதையும் இரண்டு ஊர்களில் எதிரெதிர்த் திசையில் போய் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. கனெக்டிகட் அடங்கிய நியூ இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் காடழித்து உழுத நிலங்கள் பிறகு கைவிடப்பட்டு மறுபடி காடாயின. அற்றுப்போகும் நிலைக்கு வந்திருந்த வெள்ளைவால் மான் பெருகியது. அந்தக் காட்டின் விளிம்பிலேயே மக்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். சிவமொக்கா அடங்கிய, மேற்குத் தொடர்ச்சி மலையின் மலெநாட்டில் நடந்தது தலைகீழ்: காடு வெட்டப்பட்டு வயலும் பாக்குத் தோட்டமும் முந்திரித் தோப்பும் வந்தன, மாடுகள் காட்டுக்குள் மேயப் போயின. 1960களில் இதைக் கூர்ந்து கவனித்தவர் கொலம்பியாவைச் சேர்ந்த ஜார்ஜ் போஷெல். தென்னமெரிக்கக் காடுகளில் மஞ்சள் காய்ச்சலைத் துரத்திக்கொண்டு அலைந்த மனிதர் அவர். மாடு மேயும் காட்டோரங்களில்தான் உண்ணி கொழிக்கிறது என்று எழுதிவைத்தார். 1983இல் தட்சிண கன்னடத்தின் நிட்லே பகுதியில் முந்திரி நட ஒரு காட்டை மொட்டையடித்தபோது வந்த கொள்ளை நோய், இந்த நோயின் வரலாற்றிலேயே பெரியவற்றுள் ஒன்று.

இரண்டு நோய்களுக்கும் இடையிலான ஒற்றுமைகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது மானும் மாடும் வகிக்கும் பங்கு. மானின் உடம்பிலிருந்து உண்ணிக்கு லைம் கிருமி தொற்றுவதில்லை. மாட்டிடமிருந்து கியாசனூர் வைரஸும் தொற்றுவதில்லை. இரண்டும் வளர்ந்த உண்ணிக்குச் சோறு போடும் சத்திரங்கள் மட்டுமே. அங்கே தின்று பெருத்த பெண் உண்ணி தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நோயைக் கொடுக்கும் விலங்குகள் வேறு: அங்கே வெண்பாதச் சுண்டெலி, இங்கே மந்தியும் நாட்டுக்குரங்கும் காட்டின் சிறு விலங்குகளும். ஆகவே ‘மாட்டை ஒழி, மானைச் சுடு’ என்று கிளம்புகிறவர்கள் பாதி சரி, பாதி தவறு.

மனிதரைக் கடித்து நோய் தருவது இரண்டு இடங்களிலும் பெரும்பாலும் இளம் உண்ணி. முட்டையிலிருந்து வந்த குஞ்சு ஒருமுறை இரத்தம் குடித்துத் தோலுரித்த பிறகு வரும் இரண்டாம் பருவம் இது. கசகசா அளவுதான் இருக்கும். எட்டுக் கால்கள். புல் நுனியிலோ சருகின் விளிம்பிலோ பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு முன்னங்கால்கள் இரண்டையும் காற்றில் விரித்துக் காத்திருக்கும். அந்த முன்னங்கால்களில் இருக்கும் உணர்வுறுப்பு நம் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் மோப்பம் பிடிக்கும். உரசிக்கொண்டு போகிற காலில் தொற்றி, மேல்நோக்கி ஊர்ந்து, துணி இறுகும் இடத்தில் நின்று கடிக்கும். மரத்திலிருந்து குதிக்கும், தலையில் விழும் என்பதெல்லாம் கட்டுக்கதை. கடித்தால் வலிக்காது, அதன் எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் சரக்கு இருக்கிறது. கனெக்டிகட்டில் இளம் உண்ணியின் காலம் மே முதல் ஜூலை வரை, சரியாகப் பள்ளி விடுமுறையும் தோட்ட வேலையும் தொடங்கும் நேரம். மலெநாட்டில் அது டிசம்பர் முதல் மே வரை. மழை ஓய்ந்து இலையுதிர்ந்து, பாக்கு அறுவடையும் விறகு சேகரிப்பும் நடக்கும் நேரம். இரண்டு இடத்திலும் நாட்காட்டி உண்ணிக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது.

இனி வேற்றுமைகள். முதல் வேற்றுமை அவகாசம். லைம் பாக்டீரியா உண்ணியின் குடலில் குடியிருக்கிறது. உண்ணி இரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அது விழித்து, பெருகி, எச்சில் சுரப்பிக்கு ஏறி வந்து நம் உடலுக்குள் நுழைய வேண்டும். இதற்குப் பொதுவாக ஒரு முழு நாளுக்கு மேல் ஆகிறது. மாலையில் பார்த்துப் பிடுங்கிவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அமெரிக்க அறிவுரையின் முதுகெலும்பே இந்த அவகாசம்தான். கடித்து 36 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால்கூட, பிடுங்கிய 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் ஒரே ஒரு வேளை கொடுப்பதும் உண்டு. கியாசனூர் நோய் வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. குறிப்பிட்ட மருந்து கிடையாது. நீர்ச்சத்து குறையாமல், இரத்தக்கசிவைக் கவனித்துத் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு உண்ணி வைரஸ்கள் உண்ணியின் எச்சிலிலேயே தயாராக இருந்து, கடித்த சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடியவை. எனவே மலெநாட்டில் ‘மாலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற ஏற்பாட்டை நம்பி இருக்க முடியாது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்கள் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் மதிப்பிடுகிறது. சாவு மிக அரிது. கியாசனூர் நோயில் ஆண்டுக்குச் சராசரியாக 400, 500 பேர்தான். ஆனால் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் பிழைப்பதில்லை.

இரண்டாவது வேற்றுமைதான் பெரிது. கனெக்டிகட்காரருக்கு வெளி என்பது பெரும்பாலும் தன் வீட்டுத் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம், நாயோடு நடை. போகலாம், போகாமலும் இருக்கலாம். சிவமொக்காவின் சாகரா வட்டத்துப் பெண்ணுக்குக் காடு என்பது வேலை. பாக்குத் தோட்டக்காரர்களுக்குத் தழை எடுத்துக்கொள்ள ஒதுக்கப்பட்ட காட்டுத் துண்டுகள் அங்கே உண்டு, ‘சொப்பின பெட்ட’ என்பார்கள். உதிர்ந்த இலையைக் கூட்டிக் குவித்து, கூடையில் போட்டுக் காலால் மிதித்து அமுக்கி, அதன் மேல் இன்னொரு குவியலை வைத்து அமுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். அது மாட்டுத் தொழுவத்தில் படுக்கையாகப் பரவும், பிறகு சாணத்தோடு மட்கி எருவாகிப் பாக்கு மரத்தடிக்குப் போகும். சருகைக் கூட்டும்போது குனிந்த முகம் தரைக்கு ஒரு முழ உயரத்தில் இருக்கும். சேலை முழங்கால் வரை ஏற்றிச் செருகியிருக்கும். காலில் ரப்பர் செருப்பு, சிலருக்கு அதுவும் இல்லை. தலையில் இருக்கும் கூடையிலிருந்து தூசியும் துகளும் கழுத்துக்குள் உதிர்ந்துகொண்டே வரும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகச் சொல்லும் சுவரொட்டி இவளைப் பார்த்து எழுதப்பட்டதல்ல.

சருகு விஷயத்தில் இரு ஊர்களையும் ஒப்பிடுவது சுவையானது. உண்ணிக்கு ஈரம் வேண்டும். வெயிலில் அது காய்ந்து செத்துவிடும். சருகுக்கு அடியில்தான் அதன் வாழ்வு. அதனால் அமெரிக்கர் தன் புல்வெளியில் இலையைச் சேரவிடாமல் ஊதித் தள்ளுகிறார். எங்கே? தோட்டத்தின் விளிம்புக்கு. அப்படி ஊதிக் குவித்த விளிம்பில் அடுத்த பருவத்தில் இளம் உண்ணிகள் மூன்று மடங்கு கூடுதலாக இருந்ததை நியூ ஜெர்சியில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. குப்பையை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளும் வழக்கம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. சிவமொக்காவில் அதே சருகு காட்டிலிருந்து வீட்டுக்குள்ளேயே வருகிறது, உண்ணியையும் கூட்டிக்கொண்டு. காட்டுக்கே போகாத வீட்டுப் பெரியவர்களும் தொழுவத்தில் கடிபட வழி இருக்கிறது. குரங்கு செத்த இடத்திலிருந்து சருகு எடுக்காதீர்கள் என்று சுகாதாரத் துறை சொல்வது இதனால்தான். நல்ல யோசனைதான். ஆனால் எருவுக்கு மாற்று சொல்லாமல் சருகை மட்டும் தடுத்தால் அந்தத் தடை ஒரு வாரம்கூடத் தாங்காது.

இடத்தைச் சுத்தம் செய்து உண்ணியை ஒழிக்கும் முயற்சியில் அமெரிக்கா நிறையவே செலவழித்திருக்கிறது. கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் பரிந்துரைக்கும் முறை எளியது: புல்வெளிக்கும் காட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு மரச்சீவலோ சரளையோ பரப்பி ஒரு வறண்ட கோடு போடுவது. பூச்சிமருந்தும் தெளிக்கிறார்கள். கனெக்டிகட், மேரிலாந்து, நியூயார்க் மாநிலங்களில் 2,727 வீடுகளில் நடந்த ஒரு சோதனையில், பாதி வீடுகளின் தோட்டத்தில் உண்மையான மருந்தும் மீதி வீடுகளில் வெறும் தண்ணீரும் தெளித்துப் பார்த்தார்கள். மருந்தடித்த இடத்தில் உண்ணிகள் 63 சதவீதம் குறைந்தன. ஆனால் அந்த வீட்டாருக்கு உண்ணி ஏறியதோ நோய் வந்ததோ குறையவில்லை. நியூயார்க்கின் டச்சஸ் கவுண்டியில் உண்ணியைக் கொல்லும் பூஞ்சையையும் எலிகளின் மேல் உண்ணிமருந்து தடவும் பெட்டிகளையும் தெருத் தெருவாக வைத்துப் பார்த்த பெரிய ஆய்விலும் இதே முடிவு. உண்ணி ஏறக்குறையப் பாதியானது, வீட்டு நாய் பூனைகளுக்கு நோய் குறைந்தது, மனிதருக்குக் குறையவில்லை. மனிதர் தன் தோட்டத்தை விட்டு வேறு எங்கெங்கோ போகிறார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

மலெநாட்டில் இதற்கு இணையானது, குரங்கு செத்து விழுந்த இடத்தைச் சுற்றி மாலத்தியான் தூள் தூவுவது. குரங்கு சாகும்போது அதன் உடம்பில் இருந்த கிருமியேறிய உண்ணிகள் அங்கேயே உதிர்ந்து பரவும் என்பதால் இதில் தர்க்கம் உண்டு. காடு முழுக்கத் தூவ முடியாது, தூவவும் கூடாது. கனெக்டிகட்டின் வேலியிட்ட தோட்டத்திலேயே பயன் தராதது வேலியில்லாத காட்டில் தரும் என்று எதிர்பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாடுகளுக்கு உண்ணிமருந்து போடுவது அதைவிட உருப்படியான வேலை. மாடு தினமும் வீடு திரும்புகிறது. அதன் காதுமடலையும் மடியையும் பார்த்துக் கையால் உண்ணி எடுக்கும் பழக்கம் நம் கிராமங்களுக்குப் புதிதும் அல்ல. கையுறை இல்லாமல் நசுக்கும் பழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும்.

இடத்தை விட்டு உடம்புக்கு வந்தால் நிலைமை தெளிவாகிறது. பெர்மெத்ரின் ஊறிய உடைகளை ரோட் ஐலண்டிலும் தெற்கு மாசசூசெட்ஸிலும் வெளிவேலைக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் உண்ணிக் கடி முதல் ஆண்டு 65 சதவீதமும் இரண்டாம் ஆண்டு 50 சதவீதமும் குறைந்தது. இது துணிக்கான மருந்து, தோலில் பூசக் கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு நஞ்சு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்ல, வெளியில் உழைப்பவர்கள் என்பதால் மலெநாட்டுக்கு மிக நெருக்கமான அமெரிக்கச் சான்று இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு முழுக்கைச் சட்டை, ஒரு முழுக்கால் சட்டை; சேலைக்கு மேலும் அடியிலும் போட்டுக்கொள்ளலாம். வனத்துறைக் காவலர்களுக்கும் சருகு எடுக்கும் பெண்களுக்கும் அரசே தைத்துக் கொடுக்கலாம். இப்போது கர்நாடகச் சுகாதாரத் துறை கொடுப்பது டெபா எண்ணெய், நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூச்சிவிரட்டி. அதற்கு முன் டிஎம்பி எண்ணெய். காட்டுக்குப் போகும் முன் கை கால்களில் பூசிக்கொள்ள வேண்டும். டீட் என்ற பிரபலமான பூச்சிவிரட்டிக்கு இணையான சரக்குதான், குறை ஒன்றுமில்லை. ஆனால் சுமை தூக்கி வியர்க்கும் உடம்பில் எந்தப் பூச்சும் அதிக நேரம் நிற்காது. துணியில் ஏறிய மருந்து வியர்வையோடு போகாது.

குளியல் இரண்டு ஊருக்கும் பொது. கனெக்டிகட்டில் நடந்த ஓர் ஆய்வில், தோட்டத்திலிருந்து வந்த இரண்டு மணி நேரத்துக்குள் குளித்தவர்களுக்கு லைம் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைவாகவும், 36 மணி நேரத்துக்குள் உடம்பைச் சோதித்தவர்களுக்கு 45 சதவீதம் குறைவாகவும் இருந்தது. காட்டிலிருந்து வந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் குளியுங்கள் என்றே சிவமொக்காவிலும் சொல்கிறார்கள். மலெநாட்டு வீடுகளில் பெரிய செப்புக் கொப்பரையில் வெந்நீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் வழக்கம் உண்டு என்பது ஒரு வசதி. அந்த வெந்நீருக்கான விறகும் காட்டிலிருந்துதான் வருகிறது என்பது வேறு விஷயம். போட்டிருந்த துணியை அமெரிக்கர் ட்ரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிடுகிறார். வெறும் தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது, காய்ந்தால் சாகும். ட்ரையர் இல்லாத வீட்டில் கொதிநீரில் முக்குவதே வழி. சோதிக்கும்போது பார்க்க வேண்டிய இடங்கள் எங்கும் ஒன்றே: அக்குள், முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, தொப்புள், காதுக்குப் பின், மயிர்க்கால். முதுகை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். தனிக் குளியலறையும் ஆளுயரக் கண்ணாடியும் இல்லாத வீட்டில் ஒரு பெண் இதை எங்கே நின்று செய்வாள் என்று எந்தத் துண்டறிக்கையும் கேட்பதில்லை.

மலெநாட்டிடம் அமெரிக்காவிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அது குரங்கு. சுண்டெலிக்கு லைம் கிருமி எந்தத் துன்பமும் தருவதில்லை. காட்டில் ஆபத்து ஏறியிருப்பதை எந்த விலங்கும் காட்டிக்கொடுக்காது. இங்கே மந்தி செத்து விழுகிறது. அதைப் பார்த்தவர் சொல்ல, சுகாதாரப் பணியாளர் வர, மாதிரி புணேக்குப் போக, ஊரில் எச்சரிக்கை போகிறது. தனியொருவர் காலுறையோடு நின்றுபோகாமல் ஊர் முழுவதையும் காக்கக்கூடிய ஏற்பாடு இது. ஆனால் செத்த குரங்கைத் தொட்டுத் தூக்குகிறவர்களுக்கு அதுவே ஆபத்து. 2012இல் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் குரங்குச் சடலங்களைக் கையாண்ட வனப் பணியாளர்களுக்கே நோய் வந்தது. அதே சமயத்தில்தான் பக்கத்து நீலகிரிக் காட்டிலும் வயநாட்டிலும் இந்த வைரஸ் இருப்பது தெரிந்தது. பிறகு கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் வரை பரவியது. (தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் கேள்விப்படும் ஸ்க்ரப் டைபஸ் இதுவல்ல, அது உண்ணியைவிடச் சிறிய ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சால் வருவது, அதற்கு டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும்.)

தடுப்பூசி இரண்டு ஊரிலும் இருந்தது, இரண்டு ஊரிலும் போய்விட்டது. லைமுக்கு 1998இல் வந்த லைம்ரிக்ஸ் ஒரு விநோத ஊசி. அது நம் இரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்பொருளை உண்ணி குடிக்கும்போது, உண்ணியின் குடலிலேயே கிருமி செத்துவிடும். முன்சொன்ன அந்த ஒரு நாள் அவகாசத்தை நம்பிக் கட்டிய ஊசி அது. மூட்டுவலி வருகிறது என்ற பேச்சும் வழக்குகளும் கிளம்பி, வாங்க ஆளில்லாமல் 2002இல் கடையைக் கட்டியது. அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கியாசனூர் ஊசிக்கு நேர்ந்தது வேறு. ஒரு மாத இடைவெளியில் இரண்டு, பிறகு ஆறேழு மாதத்தில் ஒன்று, அதன்பின் ஆண்டுதோறும் என்று போட வேண்டிய ஊசி அது, கையும் வலிக்கும். இரண்டு ஊசியோடு நின்றவர்களுக்கு ஏறக்குறைய 62 சதவீதமும், ஊக்க ஊசியும் போட்டவர்களுக்கு 83 சதவீதமும் பாதுகாப்பு என்று 2005 முதல் 2010 வரையிலான கணக்கு காட்டியது. திறன் போதவில்லை என்று 2022இல் நிறுத்தினார்கள். புதியது தயாராகிவருகிறது. ஒன்றை மக்கள் கைவிட்டார்கள். மற்றது மக்களைக் கைவிட்டது.

இரண்டு ஊருக்கும் நடுவே இப்போது மூன்றாவது ஆள் ஒருவர் வந்திருக்கிறார். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ டிசம்பர் விடுமுறைக்குக் கொடசாத்ரி மலையேறவும் ஜோக் அருவி பார்க்கவும் வருகிறவர். மனத்தளவில் அவர் கனெக்டிகட்காரர், நடப்பது மலெநாட்டுச் சருகின் மேல். அவர் காலுறையும் பூச்சிவிரட்டியும் அமெரிக்கப் பாடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பணமும் கடையும் அவருக்கு இருக்கின்றன. பாதையை விட்டு விலகிச் சருகில் உட்காராமல் இருப்பதையும், அந்தப் பருவத்தில் எந்தக் காட்டில் குரங்கு செத்தது என்று தேநீர்க் கடையில் விசாரிப்பதையும் உள்ளூரிலிருந்து கற்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சி, மண்ணெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். நுனி கூரான முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கனெக்டிகட்டில் அதோடு பெரும்பாலும் கதை முடியும். இங்கே மூன்றாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை உடம்பைக் கவனிக்க வேண்டும். திடீர்க் காய்ச்சல், முன்தலை வலி, இடுப்பை முறிக்கும் உடல்வலி வந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது காய்ச்சலின் அளவை அல்ல, எந்தக் காட்டில் எந்தத் தேதியில் நடந்தோம் என்பதை. சென்னை மருத்துவருக்கு டெங்குதான் முதலில் தோன்றும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.